ஆயுத பூஜையில் உருகிய புரதம்

அந்தப் புரதம் வந்து சேர்ந்த அன்று ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்த எட்டுப் பேரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஒரே மேசையைச் சுற்றி நின்றோம். தெர்மோகோல் பெட்டியைத் திறந்ததும் உலர்பனியின் வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து, தரையில் இறங்கி, எங்கள் கால்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஊர்ந்து போய் மறைந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் விரல் நுனி அளவில் ஒரு குப்பி, குப்பியின் அடியில் ஒரு துளி. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் அது இருப்பதே தெரியும். அந்தத் துளிக்காகத்தான் எங்கள் பேராசிரியர் ஏறக்குறைய ஒரு வருஷம் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதியிருந்தார். எனக்காகத்தான் எழுதினார். என் ஆராய்ச்சி முழுக்க அந்தத் துளியை நம்பித்தான் நின்றது.

குப்பியின் மேல் பொடி எழுத்தில் மனிதப் புரதம் என்று போட்டிருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே, ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் போட்டிருந்தது. நான் அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். குப்பியைச் சீக்கிரம் குளிரில் வைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்த பிறகுதான் நகர்ந்தேன். பராக்குப் பார்ப்பது என் பிறவிக் குணம். கை ஒரு வேலையைச் செய்யும், மனசு எங்கோ போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்துவிட்டு முப்பத்து நாலு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள் நான். இத்தனை வயதாகியும் அந்தக் குணம் மட்டும் மாறவில்லை.

எங்கள் கேள்வி எளிமையானது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற நீண்ட இழை இருக்கிறது. இந்தப் புரதம் அந்த இழையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பச்சைமலையிலிருந்து கொண்டுவந்த ஒரு வேரின் சாறு அந்தப் பிடியைத் தளர்த்துகிறதா என்று நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு முதலில் பிடிக்கத் தெரிந்த புரதம் வேண்டும். நானே ஆய்வகத்தில் தயாரிக்கப் பார்த்தேன். ஆறு மாதம் போராடியும் அது தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகத்தான் வந்தது. அதனால்தான் வெளியிலிருந்து வாங்கினோம்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் நின்றார். கண்ணாடிக் குடுவைகள் கழுவும் அக்கா. பதினொரு வருஷமாக அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தவர். பாலக்கரைப் பக்கம் மாதா கோயில் தெருவில் வீடு. எங்கள் எட்டுப் பேரில் யார் குடுவையை ஊறப் போடாமல் காயவிடுகிறோம், யார் பேனாவால் எழுதியதை அழிக்காமல் கொடுக்கிறோம் என்று எல்லாம் அவருக்குத் தெரியும், சொல்லிக்காட்டவும் செய்வார். எல்லோரையும் மேடம், சார் என்பார், என்னை மட்டும் அம்மா என்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டின் போது பாதி நாள் என் டப்பாவில் அவர் வீட்டுக் கருவாட்டுத் தொக்கு இருக்கும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சுத்த சைவம், அவருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் குப்பி வைத்த பெட்டியைப் பார்த்துக் கேட்டார். "இது யாரு உடம்புலேருந்து எடுத்ததும்மா?"

யார் உடம்பிலிருந்தும் இல்லை என்றேன். மனித உடம்பில் அதைச் செய்வதற்கான குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பைப் பிரதி எடுத்து ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுகிறார்கள். அது தனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியாமலே செய்து கொடுக்கிறது. பிறகு அதை உடைத்து இதை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள் என்று சொன்னேன். நம் வீட்டுச் சமையல் குறிப்பை வேறு ஊர்ச் சமையல்காரரிடம் கொடுத்த மாதிரி என்றேன். அவர் கையில் இருந்த பிரஷ்ஷைத் துடைத்தார்.

"அப்ப இது ஒரு மனுச உடம்புக்குள்ளயும் இருந்ததே இல்லையா?"

"இல்லக்கா."

"பாவம்" என்றார்.

அன்று மாலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தப் பாவம் என்னோடு கூடவே வந்தது. காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. பஸ் பாலத்தில் ஊர்ந்தபோது கீழே தண்ணீரும் அதே வேகத்தில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. எந்த உடம்பையும் பார்க்காத ஒரு மனிதத் துண்டு, எந்த ஊரிலோ பிறந்து, விமானத்தில் பனியோடு உட்கார்ந்து வந்து, எங்கள் ஃப்ரீசரில் தூங்குகிறது. எழுப்பினால் அது செய்யப்போவது ஒரே வேலை. தனக்கான இடத்தைத் தேடுவது. அது இழையின் மேல் வழுக்கிக்கொண்டே போகுமாம், நிற்குமாம், இது இல்லை என்று விட்டுவிட்டு மறுபடி வழுக்குமாம். எந்த அம்மாவும் சொல்லிக் கொடுக்காமலே சரியான இடம் வந்ததும் அதற்குத் தெரிந்துவிடும்.

அந்த நாட்களில் சாயங்காலம் சித்திரை வீதியில் நடப்பேன். நான்கு பக்கமும் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். துளசி வாசனை, பூக்கடை ஈரம், திரும்பும் இடமெல்லாம் ஒரு கோபுரத்தின் முதுகு. நானும் வழுக்கிக்கொண்டே போவேன். இரண்டு தடவை எங்கள் வீட்டு வாசலையே தாண்டிப் போய்விட்டேன். கணவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, கூப்பிடாமல், இன்னும் ஒரு சுற்று வரட்டும் என்று சும்மா நின்றிருக்கிறார்.

அந்த மாடி வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கட்டடம், சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஃப்ரிஜ் ஓடும். காலையில் சட்னி அரைக்க வேண்டும் என்றால் ஃப்ரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சொருகுவேன். அரைத்ததும் மிக்ஸியைப் பிடுங்கி மறுபடி ஃப்ரிஜ்ஜைச் சொருக வேண்டும். மறந்துவிட்டால் சாயங்காலம் பால் கெட்டிருக்கும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது கெடும். நீ ஆராய்ச்சி செய்வது பாலைக் கெடுப்பது எப்படி என்றுதானே என்று கணவர் கேட்பார். எனக்குக் கோபம் வரும், சண்டை போடுவேன். ஆனால் எந்த நாள் பிடுங்கினேன், எந்த நாள் சொருகினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அது கை செய்கிற வேலை.

புரதத்தை ஆறு பொடிக் குப்பிகளாகப் பிரித்து வைத்தோம். ஒரு தடவை உருகியதை மறுபடி உறைய வைத்தால் அது வீணாகிவிடும், அதனால் ஒரு சோதனைக்கு ஒரு குப்பி என்று கணக்கு. பெரிய ஃப்ரீசரில் இடமில்லை. ஓரத்தில் இருந்த சின்ன டீப் ஃப்ரீசரில், மைனஸ் எண்பது டிகிரியில், வைத்தோம். அதன் அலாரம் பேட்டரி தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. இன்று மாற்றலாம், நாளை மாற்றலாம் என்று எட்டுப் பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் இரண்டு குப்பிகளில் சோதனை பிரமாதமாக வந்தது. ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்ட டி.என்.ஏ. பாதி வழியிலேயே ஒரு கோடாக நின்றது. புரதம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிடப் போக மறந்தேன். அக்கா வந்து டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முதல் நாள் பிற்பகல் ஆய்வகத்தில் பூஜை போடுவது எங்கள் வழக்கம். காலையிலிருந்தே எல்லோரும் துணியும் கையுமாகத் துடைப்போம். மைக்ராஸ்கோப், தராசு, சுழல் எந்திரம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைப்பது அக்காவின் வேலை. மாதா கோயிலுக்குப் போகிற அவர் தன் நெற்றியில் பொட்டு வைப்பதில்லை. ஆனால் அவர் வைக்கிற மாதிரி வட்டமாக, நட்ட நடுவில், வேறு யாருக்கும் வைக்க வராது. பூஜை முடிந்ததும் எந்திரங்களுக்கு ஓய்வு. ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். ஃப்ரீசர்களை மட்டும் தொடமாட்டார். வருஷம் முழுக்க உழைத்தும் ஓய்வில்லாதவை இவைதான் என்று அவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு வைப்பார்.

அந்த வருஷம் சரஸ்வதி படத்தைச் சின்ன ஃப்ரீசருக்குப் பக்கத்து மேசையில் வைத்திருந்தோம். யாரோ சீரியல் லைட் கொண்டுவந்திருந்தார்கள். படத்தைச் சுற்றிக் கட்டினார்கள். ஒயர் எட்டவில்லை என்று ஒரு சத்தம், இங்கே பாயிண்ட் இருக்கிறது என்று ஒரு சத்தம், பிறகு லைட் எரிந்தது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஃப்ரீசரின் வெள்ளைக் கதவில் விழுந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொரி கடலை சாப்பிட்டோம். மழை வருகிற மாதிரி இருந்ததால் எல்லோரும் சீக்கிரம் கிளம்பினோம். நான்கு நாள் விடுமுறை. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு கொலு, வீட்டுக்கு வீடு சுண்டல். கொலுப் படிகளில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே விடுமுறை கழிந்தது.

ஐந்தாம் நாள் காலையில் நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது தரையில் தண்ணீர். அக்கா எனக்கு முன்பே வந்து, படத்தை எடுத்து வைத்து, சீரியல் லைட்டைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, தரை துடைக்கத் துணி நனைக்க அடுத்த அறைக்குப் போயிருந்தார். சின்ன ஃப்ரீசரின் கதவைத் திறந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. என் குப்பிகள் இருந்த அட்டைப் பெட்டி ஊறிப் பிரிந்திருந்தது. ஃப்ரீசரின் பிளக் சுவரோரம் தரையில் கிடந்தது. பாயிண்ட் காலியாக இருந்தது, சுவிட்ச் அணைந்திருந்தது.

என் கோபம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் யோசிக்கவே இல்லை. எந்திரங்களை அணைத்து ஓய்வு கொடுப்பவர் யார்? கடைசியாகப் போனவர் யார்? வராந்தாவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தது போதாதுன்னு இதுக்கும் குடுத்துட்டீங்களாக்கா?"

பக்கத்து ஆய்வகத்திலிருந்து கூட ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா ஈரக்கையோடு வந்து நின்றார். தரையைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். அந்த சுவிட்சை அணைத்தது தான்தான், ஆனால் அப்போது அதில் சீரியல் லைட்தான் இருந்தது, இன்று காலை வந்து அதைத்தான் பிடுங்கிச் சுருட்டி வைத்ததாகச் சொன்னார். அப்படியானால் ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கியது யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறியது. என்னென்னவோ சொன்னேன். பதினொரு வருஷம் இருந்தும் என்ன புரிந்தது என்றேன். இதை எழுதும்போது கூட அந்த வாக்கியம் எனக்குக் கூசுகிறது.

பேராசிரியர் கத்தவில்லை. வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போய்விட்டார். மதியத்துக்குள் அலுவலகத்துக்குக் கடிதம் போய்விட்டது. மாதக் கடைசியோடு அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது, வேறு ஆள் அனுப்பவும் என்று. அக்கா முன்பு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். அங்கே காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை மூடும்வரை உட்கார முடியாது. கால் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்த பிறகுதான் அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். இங்கே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. இந்த வேலை போனால் அவர் மறுபடி கடையில்தான் போய் நிற்க வேண்டும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் சரியான தண்டனைதான் என்று நினைத்தேன்.

உருகிய குப்பிகள் பார்க்க அப்படியேதான் இருந்தன. அதே தெளிவு, அதே துளி. ஒரு நப்பாசையில் நான்கையும் சோதித்துப் பார்த்தேன். டி.என்.ஏ. எங்கேயும் நிற்காமல் ஜெல்லின் அடிவரை ஓடி வந்துவிட்டது. புரதத்துக்குத் தன் மடிப்பு மறந்துவிட்டது, பிடிக்கிற இடம் கலைந்துவிட்டது. யார் உடம்பிலும் இருக்காமலேயே அது போய்ச் சேர்ந்துவிட்டது. நான் ஜெல்லைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவில் அக்கா என் மேசைக்குக் குடுவைகளைக் கொண்டுவந்து வைத்தார். "வச்சிருக்கேன் மேடம்" என்றார். அம்மா போய் மேடம் வந்திருந்தது. அது கூட அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை. சமையலறையில் தேங்காய்ச் சட்னிக்கு எல்லாம் போட்டு மூடியை அழுத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பச்சைப் புடவை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். ஃப்ரிஜ்ஜின் பிளக் தரையில் கிடந்தது. எப்போது பிடுங்கினேன்? தெரியவில்லை. கை பிடுங்கியிருக்கிறது.

மிக்ஸியை அணைக்காமல் அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது கிடந்த விதம் எனக்குத் தெரிந்த விதமாக இருந்தது. பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. சரஸ்வதி படத்தின் பின்பக்க அட்டை என் தோளில் உரசியது. சுவர் சில்லென்று இருந்தது. விரலில் சந்தனம் ஈரமாக இருந்ததால் பிளக் ஒரு தடவை வழுக்கியது. இங்கே பாயிண்ட் இருக்கிறது என்று சொன்ன குரல் என் குரல். லைட் எரிந்ததும் நான் சிவப்பையும் பச்சையையும் பார்க்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. காரம் மூக்கில் ஏறுகிற வரைக்கும் சட்னி அரைந்துகொண்டே இருந்தது.

உடனே ஓடிப் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. கனவு போல ஏதோ தோன்றியதை உண்மை என்று நம்ப வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சொன்னால் பேராசிரியர் என்ன நினைப்பார், என் ஆராய்ச்சிக் காலத்தை நீட்டித் தருவாரா என்று கணக்குப் போட்டேன். போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு பயந்தேன். அக்கா தொட்டியருகே உட்கார்ந்து குடுவை கழுவுகிற சத்தம் என் மேசைவரை கேட்கும். அந்த ஸ்டூல் இன்னும் எட்டு நாளைக்குத்தான் என்று நினைவு வரும். மூன்றாம் நாள் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் எழுந்து பேராசிரியர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நான்தான் சார் பிடுங்கினேன் என்று சொன்னேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்தக் கடிதம் வேண்டாம், அக்காவே இருக்கட்டும் என்றார். என்னைப் பார்த்து, இத்தோடு விடுங்கள், மற்றவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை, உங்கள் பெயரும் கெட வேண்டாம் என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். வராந்தாவில் நடந்து வந்தபோது கால் தரையில் படவில்லை. வேலை தப்பித்துவிட்டது, நானும் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அக்காவிடம் போய், பிடுங்கியது நான்தான், சாரிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் குழாயை மூடவில்லை. ஒரு குடுவையை மூன்று தடவை அலசிக் கவிழ்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தபோது முகத்தில் கோபம் இல்லை. சோர்வாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல மேடம். நாமதான் தெரியாம புடுங்கிட்டமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றார். பிறகு இன்னொரு குடுவையை எடுத்தார். "சார்கிட்ட கதவைச் சாத்திட்டு சொன்னீங்க. என்னைச் சொன்னப்ப வராந்தாவுல நின்னு சொன்னீங்க."

அந்தக் குடுவையையும் அலசிக் கவிழ்த்தார். தன் கையை நம்ப முடியாமல் அவர் அத்தனை நாள் கிடந்திருக்கிறார், என் கை செய்ததற்காக.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, தேநீர் வருகிற நேரம், வராந்தாவில் எல்லோரும் நிற்பார்கள். அதே இடம். பக்கத்து ஆய்வகத்துக்காரர்களும் இருந்தார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன். ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கியது நான், சீரியல் லைட்டுக்காகப் பிடுங்கினேன், மறுபடி மாட்டவில்லை, அக்கா அன்று சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, நான் சொன்னது ஒவ்வொன்றும் பொய் என்றேன். முன்பு சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. தங்களுடைய மாதிரிகளையும் அந்த ஃப்ரீசரில் வைத்திருந்த இரண்டு பேர் என்னோடு பல நாள் பேசவில்லை. அது நியாயம்தான். பேராசிரியருக்குத்தான் தர்மசங்கடம், அறைக்குள் போய்விட்டார். அக்கா கதவருகே நின்று முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

புதிதாகப் புரதம் வாங்க மறுபடி விண்ணப்பம் போட எனக்கு முகமில்லை. தோற்றுப்போன பழைய வேலையையே தூசி தட்டினேன், நானே தயாரிப்பது என்று. குளிர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெளியே சித்திரை வெயில் கொதிக்க, வடிகுழாயிலிருந்து புரதக் கரைசல் துளித் துளியாக வடிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த முறை பாக்டீரியாவை மெதுவாக, குறைந்த வெப்பத்தில் வளரவிட்டேன். அவசரப்படுத்தியதால்தான் முன்பு கட்டி தட்டியிருக்கிறது. குடுவையில் கொஞ்சம் சோப்பு ஒட்டியிருந்தாலும் எல்லாம் பாழ். அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தருவார். பேச்சு அதிகம் இல்லை. ஆவணி மாதம் ஒரு நாள் ஜெல்லில் டி.என்.ஏ. பாதி வழியில் நின்றது. நான் முதலில் ஓடிப் போய்க் காட்டியது அவரிடம்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"புடிச்சிருச்சா?" என்றார்.

பிடித்துவிட்டது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுபடி ஆயுத பூஜை. காலையிலிருந்து துடைத்தோம். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். அந்த வருஷம் முதல் பொட்டு மைக்ராஸ்கோப்புக்கு இல்லை. நேரே சின்ன ஃப்ரீசரிடம் போய், குனிந்து, சுவரில் சொருகியிருந்த பிளக்கின் மேல் ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். பிளாஸ்திரியின் மேலும் ஒரு பொட்டு. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

பிறகு சீரியல் லைட் வந்தது. வழக்கம் போல ஒயர் எட்டவில்லை, வழக்கம் போல ஆளுக்கு ஒரு சத்தம். நான் என்னை அறியாமல் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்திருப்பேன் போல. அக்கா பொரி கடலை குவித்த பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு கையிலயும் புடிங்க மேடம்" என்றார்.

மேடம்தான், இன்னமும். அம்மா திரும்ப வரவில்லை. ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தாம்பாளம் கனத்தது. யாரோ வேறு பாயிண்ட்டைக் கண்டுபிடித்து, லைட் எரிந்து, எல்லோரும் கைதட்டி முடிக்கும்வரை அவர் என்னைக் கீழே வைக்க விடவில்லை.